தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருப்பது

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ‘புல்டோசர் வழக்கில்’ தீர்ப்பு சொன்னது. நோட்டீஸ் இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது, 15 நாள் அவகாசம் தரணும், மீறுகிற அதிகாரி தன் கைக்காசிலிருந்து நஷ்டத்தை ஈடுகட்டணும் என்று எல்லா டிவியிலும் ஓடியது. அத்தனையும் தீர்ப்பில் இருப்பதுதான், பொய் இல்லை. ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்வே லைன் ஓரத்திலோ, கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையிலோ குடியிருப்பவர் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போனால் ஏமாந்துபோவார். வழிமுறைகளைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விஸ்வநாதனும் ஒரு விலக்கு எழுதியிருக்கிறார்கள். சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையை ஒட்டிய இடம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றி எழுந்த கட்டுமானங்களுக்கு இந்த வழிமுறை பொருந்தாது. நீதிமன்றமே இடிக்கச் சொல்லியிருந்தாலும் பொருந்தாது.

வட சென்னையில் ஏழைகளின் வீடு போவது பெரும்பாலும் இந்த விலக்குப் பட்டியலில் உள்ள இடங்களில்தான். கால்வாய் கரை, தண்டவாள ஓரம், பிளாட்பாரம், ஓடை. ஆக, நாடு முழுக்கக் கொண்டாடப்பட்ட தீர்ப்பு இங்கே யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. இதைச் சொன்னால் தீர்ப்பைக் குறை சொல்வதாக நினைக்கிறார்கள். குறை சொல்லவில்லை, முழுசாகப் படியுங்கள் என்கிறேன். உச்ச நீதிமன்றம் ஓர் உரிமையை அறிவிப்பது ஒரு பகுதி. வழக்குப் போட்டவருக்கு என்ன கொடுத்தது என்பது இன்னொரு பகுதி. முதல் பகுதி மேடையில் பேசப்படும். தாசில்தாரைக் கட்டிப்போடுவது இரண்டாவது பகுதி.

இதற்கு மூத்த உதாரணம் 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரிதான், ஆகவே அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் குடியிருப்பு உரிமைக் கூட்டம் எதுவும் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் முடிவதில்லை. ஆனால் அந்த நடைபாதைவாசிகள் வழக்கில் ஜெயிக்கவில்லை. நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நோட்டீஸ் கொடுக்காமலே அகற்றலாம் என்ற பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆவது பிரிவையும் செல்லாது என்று சொல்லவில்லை. நோட்டீஸ் கொடுத்து, சொல்வதைக் கேட்டு, அதன் பிறகு அகற்றுவதே வழக்கமாக இருக்க வேண்டும், விதிவிலக்கை அபூர்வமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று படித்துக் காட்டியது.

சரி, அப்போது அந்த மக்களின் தரப்பைக் கேட்கச் சொல்லி ஆணையரிடம் திருப்பி அனுப்பினார்களா? அதுவும் இல்லை. நாங்களே இங்கே விரிவாகக் கேட்டுவிட்டோம், மறுபடி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இந்தத் தர்க்கம் இன்னும் ஒப்பவில்லை. கிடைத்தது என்ன என்று பார்த்தால்: 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் (ஆனால் அதைக் கொடுத்த பிறகுதான் அகற்றணும் என்ற நிபந்தனை இல்லை), 20 வருடத்துக்கு மேல் இருந்து மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவைக்கு மட்டும் எடுக்கலாம் என்ற பாதுகாப்பு, மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அவகாசம். அவ்வளவுதான்.

நம் ஊருக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு, பலருக்குத் தெரியாது. அதே நாளில் அதே அமர்வு சென்னைக் குடிசைவாசிகள், நடைபாதைவாசிகள் பற்றிய கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு வழக்கிலும் தீர்ப்பு சொன்னது. அப்போது வழக்கறிஞராக இருந்த, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான அதே சந்துருதான். குடிசைகளை மேம்படுத்துகிறோம், முடியாத இடத்தில் மாற்று இடம் தருகிறோம் என்று தமிழக அரசு சொன்னதை நீதிமன்றம் பதிவுசெய்து, அந்த அக்கறை தொடரும் என்று நம்பிக்கை தெரிவித்தது. அரசு சொன்னது கோப்பில் ஏறியது நல்லதுதான். ஆனால் நம்பிக்கையை மீறினார்கள் என்று யார் மேலும் அவமதிப்பு மனு போட முடியாது. மாற்று இடம் எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கணும் என்று அங்கே எழுதியிருந்தால், காசிமேட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தை மாற்று இடம் என்று சொல்ல இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

பதினைந்து வருடம் கழித்து அதே நீதிமன்றத்திலிருந்து இன்னொரு வாக்கியம் வந்தது. 2000-ஆம் ஆண்டு, அல்மித்ரா படேல் வழக்கு. வழக்கு டெல்லியின் குப்பையைப் பற்றியது, வீட்டைப் பற்றியதே இல்லை. அதில், பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்று இடம் தருவது ஜேப்படிக்காரனுக்குப் பரிசு கொடுப்பது போல என்று எழுதிவிட்டார்கள். குடிசைவாசிகள் யாரும் அந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை. அவர்கள் பக்கத்தைச் சொல்ல ஆளில்லை. சட்டப்படி பார்த்தால் ஐந்து நீதிபதிகள் சொன்னதை அதைவிடச் சிறிய அமர்வு போகிற போக்கில் சொன்ன வாக்கியம் அசைக்க முடியாது. ஆனால் பொதுப் பேச்சு சட்டப்படியா நடக்கிறது? டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் அதிகாரிகளின் வாயிலும் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல் திருடன் என்ற தொனியில் வருவதற்கு இந்த ஒரு வாக்கியம் தந்த தைரியம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாழ்வாதாரம் என்ற வாக்கியமும் ஜேப்படி என்ற வாக்கியமும் ஒரே நீதிமன்றத்தின் பெயரில் சுற்றுகின்றன. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை நேரலையில் பார்க்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் விசாரணையின்போது நீதிபதி வக்கீலிடம் கேட்கிற கேள்வியை வெட்டி ‘உச்ச நீதிமன்றம் அதிரடி’ என்று போட்டுவிடுகிறார்கள். கையெழுத்தான உத்தரவில் இருப்பது மட்டும்தான் நீதிமன்றம் சொன்னது. வாய்ப்பேச்சை மனுவில் எழுதிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு ஒரு வரியில் தட்டிவிடும்.

விசாரிக்காமல் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 31 உத்தரவைப் பாருங்கள். டெல்லியில் தண்டவாள ஓரத்தில் உள்ள சுமார் 48,000 குடிசைகளை மூன்று மாதத்தில் அகற்ற வேண்டும், எந்த நீதிமன்றமும் தடை கொடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும், முடிவெடுக்கும் வரை அகற்ற மாட்டோம் என்று இரண்டு வாரத்தில் மத்திய அரசே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கீழே தடை வாங்கும் கதவையும் மேலேயே சாத்திவிட்டால், மிச்சம் இருப்பது அரசியல் மட்டும்தான்.

விலக்குப் பட்டியலில் வீடு இருப்பவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். 2024 வழிமுறை பொருந்தாது என்றால் எந்த வழிமுறையும் பொருந்தாது என்று அர்த்தம் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும், அதைத்தான் முதலில் பார்க்கணும். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர் பதவியைப் பாருங்கள். தாசில்தார் என்றால் அது 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டமாக இருக்கும். முதலில் ஏழாம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பதிலைப் பார்த்த பிறகுதான் ஆறாம் பிரிவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். ஏழு இல்லாமல் நேராக ஆறு வந்திருந்தால் அதுவே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடப் போதுமான காரணம். எஸ்டேட் அதிகாரி கையெழுத்து என்றால் ரயில்வே, துறைமுகம் மாதிரி மத்திய அரசு நிலம்; 1971-இன் பொது வளாகச் சட்டம் வரும். அதில் நாலாம் பிரிவு நோட்டீஸுக்குப் பதில் சொல்லக் குறைந்தது ஏழு நாள் தரணும். வெளியேற்ற உத்தரவு வந்துவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய 12 நாள்தான். இந்த 12 நாளைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். கவுன்சிலரைப் பார்ப்பது, எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு கொடுப்பது என்று ஓடி, வக்கீலிடம் வரும்போது கெடு முடிந்திருக்கும்.

நோட்டீஸை வாங்க மறுப்பது புத்திசாலித்தனம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வாங்காவிட்டால் சுவரில் ஒட்டி, போட்டோ எடுத்து, சேர்ப்பித்தாகிவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். வாங்குங்கள், வாங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முன்தேதி போட்ட நோட்டீஸை உடைக்க அது ஒன்றுதான் சாட்சி. அதே சமயம், சும்மா ஒட்டிவிட்டுப் போவதும் செல்லாது. பிரயாக்ராஜில் 2021-இல் நோட்டீஸ் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வீடுகளை இடித்த வழக்கில், 2025 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நேரில் கொடுக்க உண்மையாக முயற்சி செய்யாமல் ஒட்டுவதை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள்.

மாற்று வீடு யாருக்கு என்று கணக்கெடுப்பு நடக்கும் நாளில் ஆள் வீட்டில் இருப்பது நோட்டீஸை விட முக்கியம். கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போவார்கள். பூட்டியிருக்கும் வீடு விட்டுப்போகும். ஒரே கூரைக்குக் கீழே அம்மா, கல்யாணமான மகன், மகள் என்று மூன்று அடுப்பு எரிந்தாலும் ஒரே குடும்பம் என்று பதிந்தால் ஒரே ஒதுக்கீடுதான் வரும். தனி ரேஷன் கார்டு இருந்தால் அங்கேயே காட்டுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறோம் என்பதற்கு ஆதார் அட்டை பலவீனமான சான்று, முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பழைய வாக்காளர் பட்டியல் நகல், முதல் கரன்ட் கனெக்‌ஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றும் வலுவானவை. எழுதாத தாளிலோ ‘விருப்பத்துடன் இடம் மாறுகிறேன்’ என்ற படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். அது நீதிமன்றத்தில் வந்து நிற்கும்போது 21-ஆவது பிரிவைப் பேசிப் பயன் இல்லை. உங்கள் பகுதி 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அறிவிக்கப்பட்டதா என்று பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுவில் கேட்கலாம், 30 நாளில் பதில் வரணும். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் பெயர் மாறி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது, மனுவில் அந்தப் பெயரைப் போடுங்கள்.

ரிட் போட்டால் என்ன கிடைக்கும் என்பதிலும் தெளிவு வேண்டும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தில் பல மனுக்கள் ‘மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்க வேண்டும்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். இதைத் தடை என்று நினைத்துத் தெருவில் வெடி போட்டவர்கள் உண்டு. இடிக்கக் கூடாது என்ற வார்த்தை உத்தரவில் இல்லையென்றால் தடை இல்லை. அதுவரை தற்போதைய நிலை தொடரட்டும் என்றாவது வக்கீல் கேட்டு வாங்கணும். உத்தரவை அதிகாரி மதிக்கவில்லை என்றால் அவமதிப்பு வழக்குக்கு ஒரு வருடம் கெடு. மனுமேல் மனு கொடுத்துக்கொண்டு காத்திருந்தால் அதுவும் போய்விடும். வக்கீலுக்குக் காசு இல்லை என்பது காரணமாக இருக்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் போதும். வீட்டுப் பெண் பெயரில் மனு போடச் சொல்வது இதனால்தான்.

பட்டா மனையில் அனுமதியில்லாத மாடி எழுப்பியவர்களுக்கு 2024 தீர்ப்பு முழுசாகப் பொருந்தும். வண்ணாரப்பேட்டையில் இப்படி வீடுகள் ஏராளம். நோட்டீஸ் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு வரணும், வீட்டு வாசலிலும் ஒட்டணும். கிடைத்த நாளிலிருந்து 15 நாள். உள்ளூர்ச் சட்டம் அதிகம் கொடுத்தால் அந்த அதிகக் கெடு. நோட்டீஸ் கொடுத்ததைக் கலெக்டர் ஆபீஸுக்கு உடனே மின்னஞ்சலில் தெரிவிக்கணும், முன்தேதி போடும் வேலைக்குப் பூட்டு அது. நேரில் விசாரித்து, இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்று இறுதி உத்தரவில் காரணம் எழுதணும். அதன் பிறகும் 15 நாள் காத்திருந்து, வீடியோ எடுத்துக்கொண்டுதான் இடிக்கணும். இதில் எது விடுபட்டது என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

கடைசிப் பக்கத்தில் தெளிவாக எண் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குப் பாதாளச் சாக்கடை மரணங்கள் உதாரணம். 2014 மார்ச் 27 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று உத்தரவிட்டது. தேடிப் போய்க் கண்டுபிடித்துக் கொடுப்பது அரசின் வேலை என்றும் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்ந்தது. ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 10 லட்சம், நிரந்தரமாகி உழைக்க முடியாமல் போனால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. எண் இருப்பதால் பேரம் பேச முடியாது. ஆனாலும் பேரம் நடக்கிறது. மார்ச்சுவரி வாசலிலேயே கான்ட்ராக்டர் தரப்பு ஒரு தொகையைக் கையில் திணித்து எழுதி வாங்கிக்கொள்ளும். போலீஸ் அதைச் சந்தேக மரணம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-இல் பதிந்துவிடும். எஃப்.ஐ.ஆரில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் ஏழாம், ஒன்பதாம் பிரிவுகள் வந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். தனியார் வீட்டு செப்டிக் டேங்க், எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள் என்பதெல்லாம் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. வாரிசுச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள், கோப்பு மாதக்கணக்கில் நிற்பது அங்கேதான்.

எண்ணூர், மணலிப் பக்கம் இன்னொரு தீர்ப்பு அடிக்கடி காதில் விழும். 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பு ஏற்கணும் என்று மறு வருடம் உச்ச நீதிமன்றம் சொன்னது. உலகமே பேசிய கோட்பாடு. ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பிலேயே பைசா கொடுக்கவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தனித்தனியாக வழக்குப் போடச் சொன்னார்கள். இன்றைக்கு அதற்குக் கொஞ்சம் நேர்வழி உண்டு, சேப்பாக்கம் கலாஸ் மகாலில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். ஆலையின் மேல் நடவடிக்கை கேட்கும் மனு என்றால் ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்கும் மனு என்றால் பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து வருடம். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்க்கு இந்தக் கணக்குப்படி 2028 டிசம்பர் கெடு. கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. வலை, மோட்டார் வாங்கிய பில், மீனவர் அடையாள அட்டை, அந்த மாதங்களில் ஏலத்தில் மீன் போட்ட சீட்டு இவற்றை இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஏலச் சீட்டு மை சீக்கிரம் அழிந்துவிடும், ஜெராக்ஸ் எடுத்துவிடுவது நல்லது.